வேலியில் கட்டிய புத்தகம்

ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடன் தேசிய நூலகத்தில் ஒரு பழைய நற்செய்தி நூல் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்பகுதியில் எழுதப்பட்டது. ஊதாச் சாயம் ஏற்றிய தோலேடும் சாயமேற்றாத ஏடும் மாறிமாறி வர, பொன்னெழுத்துகள் மின்னும் பேரழகான நூல். அதில் மத்தேயு நற்செய்தியைச் சேர்ந்த அலங்காரப் பக்கமொன்றின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும், மூல நூலோடு தொடர்பற்ற வேறொரு கையெழுத்தில் ஒரு குறிப்பு காணப்படுகிறது. ஆல்ஃபிரட் என்னும் பிரபுவும் (இவர் புகழ்பெற்ற மன்னர் ஆல்ஃபிரட் அல்லர்) அவர் மனைவி வெர்பர்க்கும் இந்த நூலைப் புறச்சமயப் படையிடமிருந்து தூய பொன் கொடுத்து மீட்டார்கள் என்றும், புனித ஏடுகள் இனியும் அவர்கள் கையில் கிடக்கலாகாது என்பதால் அவ்வாறு செய்தார்கள் என்றும் அக்குறிப்பு கூறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிகழ்ந்த மீட்பு அது. பின்னர் ஸ்பெயினுக்குச் சென்றுவிட்ட அந்த நூல் 1690ஆம் ஆண்டு ஸ்வீடன் அரச நூலகத்துக்காக விலைக்கு வாங்கப்பட்டது. கொள்ளையர் ஒருமுறை விற்ற பொருளை அவர்களுடைய வடதிசை பிற்காலத்தில் காசு கொடுத்து வாங்கிக்கொண்டது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

அந்த ஓரக் குறிப்பை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு கேள்வி எழுவதுண்டு. ஆல்ஃபிரட் தம்பதியர் என்ன நினைத்தார்கள் என்பதை அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். பொன்னை வாங்கிக்கொண்டு நூலை நீட்டிய அந்த வடநாட்டான் என்ன நினைத்தான்? அது வெறும் தோல்மூட்டை என்று அவன் கருதியிருக்க முடியாது. அப்படிக் கருதியிருந்தால் பொன் கேட்டிருக்க மாட்டான். இந்த மக்கள் இதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் தருவார்கள் என்பதை அவன் அறிந்திருந்தான். ஆனால் ஏன் தருகிறார்கள் என்பதைப் பற்றி அவனுக்கு ஏதேனும் கருத்து இருந்ததா? இவர்களுடைய தெய்வத்தைப் பற்றி அவன் என்ன எண்ணினான்?

விடை தேடுவது எளிதன்று. வைக்கிங்குகள் என்று நாம் அழைக்கும் அந்தக் கடலோடிகள் ரூன் எழுத்துகளில் கல்லிலும் மரத்திலும் சில சொற்களைப் பொறித்தார்களே தவிர, நூல் எழுதியவர்கள் அல்லர். நமக்குக் கிடைப்பவை மூன்று வகைச் சான்றுகள். முதலாவது, அவர்களால் பாதிக்கப்பட்ட கிறிஸ்தவத் துறவிகள் எழுதியவை. இரண்டாவது, இருநூறு முந்நூறு ஆண்டுகள் கழித்து, கிறிஸ்தவர்களாகிவிட்ட அவர்களுடைய பேரர்கள் ஐஸ்லாந்தில் எழுதிய சாகாக் கதைகள். மூன்றாவது, மண்ணிலிருந்து கிடைத்த பொருள்கள். முதல் வகை அச்சத்தால் நிறம் மாறியது. இரண்டாவது, மறதியாலும் பக்தியாலும் நிறம் மாறியது. மூன்றாவது, வாய் பேசாதது. மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால் மட்டுமே மங்கலாக ஒரு முகம் தெரிகிறது.

*

793ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், வட இங்கிலாந்தின் கடற்கரையை ஒட்டிய லிண்டிஸ்ஃபார்ன் என்னும் சிறு தீவின் மடாலயம் தாக்கப்பட்டது. புனித கத்பர்ட்டின் உடல் அடக்கம் செய்யப்பட்டிருந்த இடம் அது. செய்தி, பிராங்கு மன்னர் சார்லமேனின் ஆதரவில் இருந்த அறிஞர் அல்குயினை எட்டியது. அவர் எழுதிய மடல்கள் இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் துயரம் உண்டு, திகைப்பு உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு கேள்வியும் உண்டு: கத்பர்ட்டின் திருத்தலத்தையே கடவுள் காக்கவில்லையென்றால் பிரிட்டனில் வேறெந்த இடம் பாதுகாப்பானது? அல்குயின் கண்ட விடை, இது நம் பாவங்களுக்குக் கிடைத்த தண்டனை என்பது. வடக்கிலிருந்து தீமை வரும் என்று விவிலியத்தின் எரேமியா முன்னமே சொன்னது அவர் நினைவுக்கு வந்தது.

ஆக, அல்குயினைப் பொறுத்தவரை லிண்டிஸ்ஃபார்ன் ஒரு சமய நிகழ்ச்சி. கொள்ளையர் கடவுளின் கையிலிருந்த சாட்டை மட்டுமே. சாட்டைக்கு எண்ணம் ஏது? ஆனால் அதே அல்குயின், நார்த்தம்ப்ரியாவின் மன்னருக்கு எழுதிய மடலில் போகிறபோக்கில் ஒரு செய்தியைச் சொல்லிவிடுகிறார். நீங்கள் தலைமுடியிலும் தாடியிலும் அந்தப் புறச்சமயத்தாரைப் போல் ஆக விரும்பினீர்களே என்று கடிந்துகொள்கிறார். வந்தவர்கள் முன்பின் அறியாத பூதங்கள் அல்லர் என்பது இதிலிருந்து தெரிகிறது. அரசவை இளைஞர்கள் பார்த்துப் பழகி, ஆசைப்பட்டு, அவர்களைப் போல முடி திருத்திக்கொள்ளும் அளவுக்கு அறிமுகமானவர்கள். அப்படியானால், மடாலயம் என்றால் என்ன, அங்கே என்ன இருக்கும், அங்கே வாள் ஏந்திய காவலர் இருக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். புனித இடம் என்ற கருத்து அவர்களுக்கு அந்நியமானதன்று. அவர்கள் ஊர்களிலும் ஆயுதத்தைத் தொடக்கூடாத, குருதி சிந்தக்கூடாத வழிபாட்டு வளாகங்கள் இருந்தன. அவற்றின் அமைதியைக் குலைத்தவனைப் 'புனித இடத்து ஓநாய்' என்று அழைத்து நாட்டைவிட்டே விலக்கினார்கள். ஆனால் அந்தப் புனிதம், அந்தச் சட்டத்துக்கு உட்பட்டவர்களை மட்டுமே கட்டியது. கடல் தாண்டி வேறொரு குடியின் தெய்வம் வசிக்கும் வீட்டுக்கும் தங்களுக்கும் எந்த உடன்படிக்கையும் இல்லை. அந்த வீட்டைக் காப்பது அந்தத் தெய்வத்தின் வேலை. அது காக்கவில்லை. அல்குயினைத் தூங்கவிடாமல் செய்த அதே கேள்விக்கு, மறுகரையில் இருந்தவர்கள் மிக எளிதாக விடை கண்டிருக்கலாம்.

825ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் நடந்தது இந்த இரு உலகங்களின் இடைவெளியைக் காட்டுகிறது. புனித கொலம்பாவின் எலும்புகள் வைக்கப்பட்ட பேழையைத் துறவிகள் மண்ணுக்குள் ஒளித்துவிட்டனர். எங்கே என்று காட்ட மறுத்த பிளாத்மக் என்னும் துறவி வெட்டிக் கொல்லப்பட்டார். கொன்றவர்களுக்கு வேண்டியிருந்தது பேழையின் பொன்னும் வெள்ளியும். இறந்தவர் காத்தது உள்ளே இருந்த எலும்பை. ஒரே பொருளின் இரண்டு பகுதிகளுக்காக இரு தரப்பும் நின்றன. ஒருவர் காப்பது இன்னது என்று மற்றவருக்குத் தெரியவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். அயர்லாந்துப் பகுதியில் செய்யப்பட்டு, இன்று கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கும் அத்தகைய பேழையொன்றின் அடியில், இது ரன்வெய்க் என்னும் பெண்ணின் உடைமை என்று ரூன் எழுத்தில் பொறித்திருக்கிறது. புனிதரின் எலும்பைத் தாங்கிய பெட்டி ஒரு வடநாட்டுப் பெண்ணின் கைக்குச் சென்றுவிட்டது.

*

இவ்வளவையும் வைத்து, அவர்களுக்குக் கிறிஸ்து ஒரு பொருட்டே இல்லை, பொன் மட்டுமே பொருட்டு என்று முடித்துவிடலாமா? முடியாது என்று காட்டுவது ரிம்பர்ட் எழுதிய நூல். ஸ்வீடன் நாட்டுக்குச் சென்ற முதல் சமயப் பணியாளரான ஆன்ஸ்கரின் வாழ்க்கையை, அவருடைய சீடரான ரிம்பர்ட் ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுதினார். புனிதரைப் போற்ற எழுந்த நூல்தான். ஆனால் புறச்சமயத்தாரின் நினைப்பை இவ்வளவு அருகிலிருந்து பதிவு செய்த நூல் அக்காலத்தில் அரிது.

அதில் வரும் ஒரு நிகழ்ச்சி இது. 840களில் பிர்கா என்னும் வணிக நகரில் மக்கள் திரண்டு, நித்தார்ட் என்ற பாதிரியாரைக் கொன்று, ஆயர் கவுட்பெர்ட்டின் உடைமைகளைச் சூறையாடித் துரத்திவிட்டார்கள். சூறையாடியவர்களில் ஓர் இளைஞன் தன் பங்கைத் தந்தையின் வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதன்பின் அந்த வீட்டில் மாடுகள் மடிந்தன, மகன் மாண்டான், ஒருவர் பின் ஒருவராகச் சாவு தொடர்ந்தது. தந்தை அஞ்சி, குறி சொல்பவனிடம் போனார். எந்தத் தெய்வத்தின் கோபம் இது என்று திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்க்கச் சொன்னார். குறிகாரன் தன் நாட்டுத் தெய்வங்களை ஒவ்வொன்றாகக் கேட்டான். எவருக்கும் கோபம் இல்லை. கடைசியில், கிறிஸ்தவர்களின் தெய்வந்தான் உன் மேல் சினம் கொண்டிருக்கிறது, அதற்குரிய பொருள் ஏதோ உன் வீட்டில் இருக்கிறது என்றான். தேடியபோது மகன் கொண்டுவந்திருந்த ஒரு புத்தகம் கிடைத்தது. அதை வைத்துக்கொள்ளவும் அச்சம், எரிக்கவும் அச்சம். ஊராரைக் கேட்டார். ஒருவரும் வாங்கிக்கொள்ளத் துணியவில்லை. இறுதியில் புத்தகத்தை நன்றாகக் கட்டி வேலியில் பிணைத்து, வேண்டியவர் எடுத்துச் செல்லலாம் என்று அறிவித்துவிட்டார். கிறிஸ்தவர் ஒருவர் அதை எடுத்துச் சென்றார். அவரே பிற்பாடு தமக்கு இதைச் சொன்னதாக ரிம்பர்ட் எழுதுகிறார்.

ரிம்பர்ட்டுக்கு இது கிறிஸ்துவின் வல்லமையை நிறுவும் அற்புதம். நாம் கவனிக்க வேண்டியது குறிகாரனை. அவன் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் அவனுடைய பட்டியலில் கிறிஸ்துவுக்கு ஓர் இடம் இருந்தது. கிறிஸ்து இருக்கிறார் என்பதில் அவனுக்கு ஐயமே இல்லை. எந்தத் தெய்வமும் கோபப்படுவது போல அவரும் கோபப்படுவார். அவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் கோபம் தணியும். வேலியில் புத்தகம் கட்டியவர் கிறிஸ்துவிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. கணக்கைத் தீர்த்துக்கொண்டார்.

அதே நூலில் இன்னொரு காட்சி. ஸ்வீடன் மன்னன் ஓலாஃப் பால்டிக் கடலின் கீழைக்கரையில் அபூலியா என்னும் கோட்டையை முற்றுகையிட்டு எட்டு நாளாகியும் பயனில்லை. ஒன்பதாம் நாள் தெய்வங்களை ஒவ்வொன்றாகத் திருவுளச்சீட்டில் கேட்டார்கள். எதுவும் உதவ முன்வரவில்லை. அப்போது படையில் இருந்த வணிகர்கள், கிறிஸ்தவர்களின் தெய்வத்தையும் கேட்டுப் பார்ப்போம் என்றார்கள். சீட்டு சாதகமாக விழுந்தது. மறுநாள் கோட்டை பணிந்தது. நேர்த்திக்கடன் என்ன செலுத்துவது என்று கேட்டபோது, இறைச்சியை விலக்கி நோன்பிருங்கள் என்று வணிகர்கள் வழி சொன்னார்கள். வீடு திரும்பியதும் வீரர்கள் நோன்பிருந்தார்கள்.

இதற்குச் சற்று முன்பு, 852ஆம் ஆண்டளவில், ஆன்ஸ்கர் இரண்டாம் முறை பிர்காவுக்கு வந்தபோது ஒருவன் ஊருக்குள் வந்து, நான் தெய்வங்களின் அவையிலிருந்து வருகிறேன் என்று முழங்கினானாம். தெய்வங்கள் சொல்லியனுப்பிய செய்தி இதுதான்: இத்தனை காலம் உங்களை வாழவைத்தோம், நீங்களோ பலிகளைக் குறைத்துவிட்டு அந்நியத் தெய்வத்தைக் கொண்டுவருகிறீர்கள். நாங்கள் போதவில்லை, இன்னும் தெய்வம் வேண்டும் என்றால், உங்கள் பழைய மன்னர் எரிக்கை எங்களோடு சேர்த்துக்கொள்கிறோம். மக்களும் எரிக்குக்குக் கோயில் எழுப்பினார்கள். பழைய தெய்வங்களின் எதிர்ப்பும்கூட, கிறிஸ்து பொய்த் தெய்வம் என்ற வடிவில் எழவில்லை. அவர் வெளியூரார், காலியிடம் இருந்தால் உள்ளூர்க்காரருக்கே தருவோம் என்பதே அதன் சாரம்.

*

இந்த மனநிலையைப் புரிந்துகொண்டால், கிறிஸ்தவ ஆசிரியர்கள் 'ஏமாற்று' என்று கொதித்த பல செயல்கள் வேறு வெளிச்சத்தில் தெரியும். பிராங்கு அரசவையில் ஈஸ்டர் திருநாளுக்கு ஞானஸ்நானம் பெற வந்த வடநாட்டாரைப் பற்றி நோட்கர் என்னும் துறவி 880களில் ஒரு கதை எழுதினார். ஞானஸ்நானம் பெறுவோர்க்கு அரசர் செலவில் வெள்ளாடை தருவது வழக்கம். ஓர் ஆண்டு கூட்டம் மிகுந்துவிட்டதால் துணி போதாமல், மலிவான ஆடைகளை அவசரமாகத் தைத்துக் கொடுத்தார்கள். முதியவர் ஒருவருக்குச் சினம் வந்துவிட்டது. இருபது முறை இங்கே முழுகியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நல்ல உடை தந்தீர்கள், இந்தச் சாக்கு பன்றி மேய்ப்பவனுக்குத்தான் பொருந்தும் என்றாராம். கதையில் மிகை இருக்கலாம். ஆனால் அந்த முதியவர் கிறிஸ்துவைக் கேலி செய்யவில்லை. புரவலர் தகுதிக்கேற்பக் கொடுக்க வேண்டும் என்பது அவர் உலகத்தின் அறம். புரவலர் தவறிவிட்டார்.

வணிகத்துக்காகவும் கூலிப்படைப் பணிக்காகவும் கிறிஸ்தவ நாடுகளுக்குப் போனவர்கள், முழு ஞானஸ்நானம் பெறாமல் சிலுவைக் குறி மட்டும் இட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அப்படிச் செய்தவர் இரு தரப்பினரோடும் கலந்து பழகலாம், விரும்பியதை நம்பலாம் என்று எகில் சாகா கூறுகிறது. ஐஸ்லாந்தில் குடியேறிய மெலிந்த ஹெல்கி என்பவர் கிறிஸ்துவை நம்பினார், தம் பண்ணைக்குக் கிறிஸ்துவின் பெயரையே இட்டார். ஆனால் கடற்பயணம் என்றாலோ கடுஞ்செயல் என்றாலோ தோரையே அழைத்தார். டென்மார்க்கின் டிரெண்ட்கோர்டனில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு மாக்கல் அச்சு கிடைத்திருக்கிறது. கொல்லன் ஒருவன் அதே அச்சில் சிலுவையும் வார்த்தான், தோரின் சம்மட்டியும் வார்த்தான். வாங்குபவன் எதைக் கேட்டாலும் அவனிடம் இருந்தது.

பகடியும் இல்லாமலில்லை. கிறிஸ்துவை அவர்கள் 'வெள்ளைக் கிறிஸ்து' என்று அழைத்தார்கள். ஞானஸ்நான வெள்ளாடையிலிருந்து வந்த பெயராக இருக்கலாம். ஆனால் அவர்கள் மொழியில் வெள்ளை என்பது கோழையையும் சுட்டும். 999ஆம் ஆண்டையொட்டி ஐஸ்லாந்தில் சமயம் பரப்பிய தாங்பிராண்ட் என்னும் முரட்டுப் பாதிரியாரை ஸ்டெயினுன் என்ற பெண்மணி எதிர்கொண்டார். தோர் உங்கள் கிறிஸ்துவைத் தனிப்போருக்கு அழைத்தார், அவர் வரத் துணியவில்லை, தெரியுமா என்று கேட்டார். பாதிரியாரின் கப்பலை உடைத்தது தோரே என்று பாடலும் புனைந்தார். சண்டைக்கு அழைத்தால் வராதவன் ஆணே அல்லன் என்பது அவர்களுடைய சட்டத்திலும் ஒழுக்கத்திலும் ஊறிய எண்ணம். மரத்தில் தொங்கிய தெய்வம் அவர்களிடமும் உண்டு. ஒன்பது இரவுகள் ஈட்டிக் காயத்தோடு ஓடின் மரத்தில் தொங்கினார். ஆனால் அது ரூன்களின் இரகசியத்தைப் பெறுவதற்காக. பெற்றதும் இறங்கிவிட்டார். பிறருக்காகத் தொங்கி, அங்கேயே இறப்பதுதான் அவர்களுக்குப் புதிர்.

ஆனாலும் உண்மையான இடறுகல் அந்தப் புதிரன்று. 960களில் டென்மார்க் மன்னன் ஹரால்ட் நீலப்பல்லனின் விருந்தில் நடந்த விவாதத்தை விடுகின்ட் என்ற சாக்சன் துறவி எழுதியிருக்கிறார். கிறிஸ்துவும் ஒரு தெய்வந்தான், ஆனால் அவரைவிடப் பெரிய தெய்வங்கள் உண்டு என்றார்கள் டேனியர்கள். தெய்வம் ஒன்றே, மற்றவை பேய்கள் என்றார் போப்போ என்னும் பாதிரியார். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் ஏந்தி அதை நிறுவினாராம். முரண்பாடு எங்கே என்பதைப் பாருங்கள். ஒரு தரப்பு 'இவரும்' என்றது. மறு தரப்பு 'இவர் மட்டுமே' என்றது.

*

இதைக் கொண்டு பல தெய்வ வணக்கத்தாரெல்லாம் தாராள மனத்தினர் என்று போற்றத் தொடங்கினால், அது இன்னொரு பொய். கிறிஸ்துவுக்குப் பட்டியலில் இடம் கொடுத்தவர்களே கிறிஸ்தவர்களை மந்தைபோல் கட்டி ஓட்டி அடிமைச் சந்தையில் விற்றார்கள். 1012ஆம் ஆண்டு கேண்ட்டர்பரி பேராயர் அல்ஃபெஜ் தமக்காக மீட்புப் பணம் தரக்கூடாது என்று மறுத்தபோது, குடிபோதையில் இருந்த டேனியப் படையினர் விருந்தில் மிஞ்சிய மாட்டெலும்புகளை எறிந்து அவரைக் கொன்றனர். தெய்வத்தை வெறுக்காமலே அதன் அடியாரைக் கொல்ல முடியும் என்பதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி.

அதே சமயம் நாணயங்கள் வேறொன்று சொல்கின்றன. 869ஆம் ஆண்டு டேனியப் படை கிழக்கு ஆங்கிலியாவின் மன்னர் எட்மண்டைக் கொன்றது. முப்பது ஆண்டுகள் ஆகுமுன், அதே பகுதியில் குடியமர்ந்த டேனியர்களின் ஆட்சியில் 'புனித எட்மண்ட் அரசர்' என்று பொறித்த வெள்ளிக்காசுகள் புழங்கின. கொன்றவர்களின் பிள்ளைகள் கொல்லப்பட்டவரைத் தம் காசில் புனிதராக்கிக்கொண்டார்கள். 920களில் யார்க் நகரின் வைக்கிங் அரசர்கள் வெளியிட்ட காசுகளில் புனித பேதுருவின் பெயரும் வாளும் தோரின் சம்மட்டியும் ஒன்றாக இருக்கின்றன. அல்ஃபெஜ் கொலையுண்ட பதினோராம் ஆண்டில், 1023இல், இங்கிலாந்தை ஆண்ட டேனிய மன்னர் கனூட் அவருடைய உடலை மிகுந்த மரியாதையோடு கேண்ட்டர்பரிக்குக் கொண்டுசெல்லச் செய்தார்.

இந்த மாற்றத்தின் கடைசிக் கட்டத்தை ஐஸ்லாந்தில் காணலாம். 999 அல்லது 1000ஆம் ஆண்டு. நார்வே மன்னன் ஓலாஃப் டிரிக்வசன், இளமையில் இங்கிலாந்தைச் சூறையாடியவன், இப்போது தீவிரக் கிறிஸ்தவன். தன் நாட்டில் இருந்த ஐஸ்லாந்தியர்களைக் கொல்லவோ ஊனப்படுத்தவோ போவதாக மிரட்டினான். ஐஸ்லாந்தின் பொது அவையில் இரு தரப்பும் ஒன்றையொன்று சட்டத்துக்குப் புறம்பாக்கி, போரின் விளிம்பில் நின்றன. முடிவு சொல்லும் பொறுப்பு சட்டத் தலைவர் தோர்கெய்ரிடம் விடப்பட்டது. அவர் கிறிஸ்தவர் அல்லர். ஒரு பகலும் ஓர் இரவும் போர்வையை மூடிப் படுத்திருந்துவிட்டு எழுந்து, சட்டம் இரண்டானால் அமைதியும் இரண்டாகக் கிழியும், ஆகவே அனைவரும் ஞானஸ்நானம் பெறுக என்றார். குதிரை இறைச்சி உண்பதும், பிறந்த சிசுவை வெளியில் விட்டுவிடுவதும் பழையபடி தொடரலாம். பழைய தெய்வங்களுக்கு மறைவாகப் பலியிடலாம், சாட்சி இருந்தால் மட்டுமே தண்டனை. சில ஆண்டுகளில் இந்தச் சலுகைகளும் நீக்கப்பட்டன என்று நூறாண்டுக்குப் பின் எழுதிய அறிஞர் ஆரி பதிவு செய்கிறார்.

அவர்களுடைய மொழியில் சமயம் என்பதற்குத் தனிச்சொல் இல்லை. 'வழக்கம்' என்ற பொருள்படும் சொல்லே இருந்தது. தம்முடையது பழைய வழக்கம், வந்தது புதிய வழக்கம். வழக்கத்தோடு வழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் தலைமுறை தலைமுறையாக அவர்கள் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். குறிகாரன் பட்டியலில் ஒரு பெயரைக் கூட்டினான். கொல்லன் அச்சில் ஒரு வடிவத்தைக் கூட்டினான். ஹெல்கி நிலத்துக்கு ஒருவர், கடலுக்கு ஒருவர் என்று பிரித்துக் கொடுத்தார். வந்தவர் ஏற்றுக்கொண்ட நிபந்தனை அதுவன்று என்பது தோர்கெய்ரின் போர்வைக்குள் ஒருவேளை தெளிவாகியிருக்கலாம். அவரைச் சேர்த்துக்கொள்வதென்றால் மற்றவர்களை வெளியே அனுப்ப வேண்டும்.

பொன் கொடுத்து மீட்கப்பட்ட நூல் இன்று நூலகத்தில் போற்றிக் காக்கப்படுகிறது. வேலியில் கட்டிய புத்தகம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. எனக்கென்னவோ அந்தக் காலத்தை நினைக்கும்போது முதல் நூலைவிட இரண்டாவதே கண்முன் வருகிறது. படிக்கத் தெரியாத ஒரு தெய்வத்தின் பொருளை, எரிக்கவும் மனமின்றி, வைத்துக்கொள்ளவும் துணிவின்றி, மழையிலும் காற்றிலும் நன்றாகக் கட்டி வேலியில் விட்டுவிட்டு, மகனை இழந்த வீட்டுக்குள் திரும்பிப் போகிற ஒரு முதியவர்.